சேர்த்த ஒளியும் பங்கிட்ட ஒளியும்
(இரும்பையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருஞானசம்பந்தர் பாடிப் பரவிய மாகாளேசுவரர் எழுந்தருளியிருப்பதும், கடுவெளிச் சித்தர் தவம் புரிந்த இடமென்று தலவரலாறு போற்றுவதுமாகிய இந்த இரும்பையில் ஆகாயத்தைக் குறித்துப் பேச வாய்த்ததைப் பெரும்பேறாகவே கருதுகிறேன். தொலைநோக்கியின் குவியவிகிதம், வானத்தின் ஆழத்திலுள்ள மங்கிய பொருள்களை டிஜிட்டல் கேமராவினால் படமெடுப்பதை எவ்விதம் பாதிக்கிறது என்பதே நீங்கள் எனக்கு அளித்த விஷயம். இதில் சற்றே கணிதம் உண்டு. ஆயினும், பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தவர் எவரும் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இங்கிருந்து மேற்கே, இதே வானூர் வட்டத்தில், திருவக்கரையில், கல்லாகிச் சமைந்த பெருமரங்கள் கிடப்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். அம்மரங்கள் பச்சை இலையோடு நின்றிருந்த காலத்தை ஒட்டி, மிகத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தை விட்டுப் புறப்பட்ட ஒளி, இன்றைக்கும் சித்திரை, வைகாசி மாத இரவுகளில் நம் வயல்வெளிகளின்மேல் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில், அருந்ததியை அருகே உடைய வசிஷ்டரும் கடைசியில் நிற்கும் மரீசியும் இரண்டு முனைகளானால், அவற்றுக்குக் கிழக்கே மூன்றாவது முனையாக அமையும் இடத்தில் இருப்பது அந்த மண்டலம். வானநூலார் அதை எம் 101 என்று குறிப்பர். அதன் தூரம் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டுகள். வானத்தில் அது அடைத்திருக்கும் அகலம் பூரண சந்திரனின் அகலத்தைவிடச் சிறிதளவே குறைவு. இத்தனை பெரிய உருவம் கண்ணுக்குப் புலப்படாததற்குக் காரணம் அதன் சிறுமை அன்று, அதன் ஒளி அவ்வளவு பெரிய பரப்பில் பரவி மங்கிக் கிடப்பதே. இன்றைய விசாரணை முழுவதற்கும் இந்த ஒரு மண்டலத்தையே உதாரணமாக வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

தொலைநோக்கியின் முகப்பிலுள்ள லென்ஸ் அல்லது உள்ளிருக்கும் பிரதான ஆடி, தூரத்து ஒளியை எவ்வளவு தொலைவில் ஒரு புள்ளியாகக் கூட்டுகிறதோ அந்தத் தொலைவு குவியத்தூரம் எனப்படும். குவியத்தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்து வருவது குவியவிகிதம். 200 மில்லிமீட்டர் விட்டமும் 800 மில்லிமீட்டர் குவியத்தூரமும் உள்ள கருவியை எஃப்/4 என்றும், அதே விட்டத்தோடு 1600 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்டதை எஃப்/8 என்றும் எழுதுவார்கள். எண் சிறிதாக இருந்தால் "வேகமான" கருவி, பெரிதாக இருந்தால் "மந்தமான" கருவி என்பது புகைப்படக்காரர் வழக்கு. இந்த வழக்கிலே உண்மையும் இருக்கிறது, உண்மையை மறைக்கும் திரையும் இருக்கிறது. அத்திரையை விலக்குவதற்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

இவ்விஷயத்தைத் தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாமலே கண்ணாரக் கண்டு தெளியலாம். இரும்பைக்கு வடமேற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையின்மேல் காவலூர் என்னும் சிற்றூரில், இந்திய வான்இயற்பியல் கழகத்தின் வானாய்வகம் உள்ளது. வைணு பாப்பு என்னும் பெருமகனார் தேர்ந்தெடுத்த இடம் அது. அவர் கனவு கண்டு தொடங்கிவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி, அவர் 1982-இல் மறைந்த பின்னர் நிறைவெய்தி, 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தியால் அவருடைய பெயரே சூட்டப்பெற்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தத் தொலைநோக்கியில் ஆடி ஒன்றுதான், ஆனால் குவியங்கள் இரண்டு. ஆடியின் நேர் எதிரே, குழாயின் தலைப்பிலேயே ஒளியைப் பிடித்தால் அது பிரதானக் குவியம், அங்கே குவியவிகிதம் எஃப்/3.25. தலைப்பில் ஒரு சிறிய ஆடியை வைத்து ஒளியைத் திருப்பி, பிரதான ஆடியின் நடுத்துவாரத்தின் வழியே பின்புறம் கொண்டுவந்தால் அது காசிகிரெய்ன் குவியம், அங்கே எஃப்/13. முதலாவதில் குவியத்தூரம் ஏறத்தாழ 7.6 மீட்டர், இரண்டாவதில் 30 மீட்டருக்குச் சற்று மேல்.

இப்பொழுது எம் 101-ஐ அத்தொலைநோக்கியின் முன்னே நிறுத்துவோம். பிரதானக் குவியத்தில் அதன் பிம்பம் ஏறத்தாழ 6½ சென்டிமீட்டர் அகலம் விழும். காசிகிரெய்ன் குவியத்திலோ அதே பிம்பம் 25 சென்டிமீட்டருக்கும் மேலாக விரியும். நீளத்தில் 4 மடங்கு, அகலத்தில் 4 மடங்கு, ஆகப் பரப்பில் 16 மடங்கு. ஆடி ஒன்றே ஆகையால் அது வானத்திலிருந்து திரட்டிய ஒளியும் ஒன்றே. அவ்வொளி 16 மடங்கு பரப்பில் விரவும்போது, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் பிரகாசம் 16-இல் ஒரு பங்காகக் குறைகிறது. மங்கிய நெபுலாக்களையும் மண்டலங்களையும் விஸ்தாரமாகப் படமெடுக்கப் பிரதானக் குவியமும், ஒரு நக்ஷத்திரத்தின் ஒளியைப் பிரித்து ஆராயும் நிறமாலைமானிக்குக் காசிகிரெய்ன் குவியமும் ஏற்றவையாக அமைந்ததன் காரணம் இதிலேயே விளங்கும்.

நம் ஏரிப் பாசனத்தை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பது தொலைநோக்கியின் விட்டம். அதை ஒரு காணி நிலத்தில் பாய்ச்சினால் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர், நான்கு காணியில் பாய்ச்சினால் கணுக்கால் அளவே நிற்கும். குவியவிகிதம் அளப்பது வயலில் நிற்கும் தண்ணீரின் ஆழத்தை மட்டுமே, ஏரியில் இருந்த தண்ணீரின் அளவை அன்று. ஆழம் குறைந்தது கண்டு தண்ணீரே குறைந்துவிட்டதென்று எந்த உழவரும் சொல்லமாட்டார். வானத்தைப் படமெடுக்கும் நண்பர்களிடத்தில் மட்டும் இந்த மயக்கம் ஏன் இன்னும் நிலவுகிறது என்பதற்குச் சரித்திரக் காரணம் உண்டு, அதையும் சொல்லுகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலையின்மேல் லிக் வானாய்வகம் 1888-இல் திறக்கப்பட்டபொழுது, அங்கே நிறுவப்பட்ட 36 அங்குல லென்ஸ் தொலைநோக்கிக்கு இணையான லென்ஸ் தொலைநோக்கி உலகத்தில் வேறொன்று இருக்கவில்லை. அதன் குவியத்தூரம் 57 அடிக்கும் மேல், குவியவிகிதமோ எஃப்/19. அவ்விடத்தில் பணிபுரிந்த எட்வர்டு எமர்சன் பர்னார்டு, சிறுவயதிலேயே புகைப்பட நிலையத்தில் வேலைக்கு அமர்ந்து, வறுமையோடு போராடி, தம் சொந்த முயற்சியால் வானநூல் கற்றவர். அவர் 1889-இல் ஆகாயகங்கையின் மேகக் கூட்டங்களைப் படமெடுக்க விழைந்தபொழுது அந்த மாபெரும் தொலைநோக்கியை நாடவில்லை. மனிதர்களின் முகத்தைப் படமெடுப்பதற்காகச் செய்யப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் புகைப்பட நிலையம் ஒன்றிலிருந்து வாங்கப்பெற்ற, சுமார் 6 அங்குல விட்டமும் 31 அங்குலக் குவியத்தூரமும் உடைய வில்லார்டு லென்ஸையே கையில் எடுத்துக்கொண்டார். அதன் விகிதம் எஃப்/5. மலைமேல் நின்ற பெரிய லென்ஸ் அதைப் போல் 36 மடங்கு ஒளியைத் திரட்டக்கூடியது. ஆயினும் கண்ணாடித் தகட்டின் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் சிறிய லென்ஸே 14 மடங்கு அதிகப் பிரகாசத்தைச் சொரிந்தது. ஆகாயகங்கையின் நடுவே கரிய தூசிமேகங்கள் கிளைவிட்டுப் பரந்திருப்பதை உலகம் முதன்முதலில் தெள்ளத்தெளியக் கண்டது அந்தச் சிறிய லென்ஸின் வழியாகத்தான்.

அதே பர்னார்டு 1892 செப்டம்பரில் வியாழனின் ஐந்தாவது சந்திரனைக் கண்டுபிடித்தபோது, அவர் கண்ணை வைத்திருந்தது அதே 36 அங்குலத் தொலைநோக்கியில். வியாழனின் கண்கூசும் ஒளிக்கு அருகே ஒட்டிக் கிடந்த நுண்ணிய ஒளிப்புள்ளி அது. புள்ளியைக் காண்பதற்கு விட்டம் வேண்டும், நீண்ட குவியத்தூரமும் வேண்டும். ஒரே மலையில் ஒரே மனிதர் இரண்டு காரியங்களுக்கு இரண்டு வேறு கருவிகளை எடுத்துக்கொண்ட இந்நிகழ்ச்சி, வானநூல் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிகவும் உகந்தவற்றுள் ஒன்று.

பர்னார்டின் காலத்துத் தகடும் அதன்பின் வந்த பிலிமும் ஒருவகை மந்தபுத்தி உடையவை. அவற்றின்மேல் விழும் நூறு ஒளித்துகள்களில் ஓரிரண்டே பதிவாகும். அதுமட்டுமன்றி, ஒளி மிகவும் மங்கலாக இருந்தால் காலம் செல்லச் செல்லப் பிலிமின் உணர்ச்சியே குன்றிவிடும். இக்குறையை ஜெர்மானிய வானநூலார் கார்ல் ஸ்வார்ட்ஸ்சில்டு அளந்து காட்டினார். எஃப்/4-இல் 1 மணி நேரத்தில் பதிந்த நெபுலாவை எஃப்/8-இல் பதிவதற்குக் கணக்குப்படி 4 மணி நேரம் போதும், ஆனால் பிலிம் 5 அல்லது 6 மணி நேரம் கேட்கும். சில பொழுது இரவு முழுவதும் காத்திருந்தாலும் பதியாது. ஆகவே வயலில் நிற்கும் ஆழமே அன்று எல்லாவற்றையும் தீர்மானித்தது. குறைந்த எஃப் எண்ணே எப்பொழுதும் சிறந்ததென்னும் விதி அந்தக் காலத்தின் அனுபவத்தில் பிறந்தது. பிறந்த காலத்தில் அது நியாயமானதே.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும், பின்னர் பிலிமின் இடத்தைப் பிடித்த சி.சி.டி. என்னும் சாதனத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அன்று முதல் அவ்விதியின் அடித்தளம் கரையத் தொடங்கியது. இன்றைய கேமராவிலுள்ள சென்சார், விழும் நூறு ஒளித்துகள்களில் எண்பதுக்கும் மேற்பட்டவற்றை எலெக்ட்ரான்களாக மாற்றி எண்ணிவைக்கிறது. மணிக்கணக்கில் ஆனாலும் அதற்குச் சோர்வு இல்லை. பத்து மடங்கு ஒளிக்குப் பத்து மடங்கு எண்ணிக்கை, நூறு மடங்குக்கு நூறு மடங்கு. இதனினும் முக்கியமானது, எடுத்த படத்தின் அண்டை பிக்சல்களைப் பின்னர் நம் விருப்பப்படி ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம் என்பது. நான்கு காணியில் பரந்த தண்ணீரைத் திரும்பவும் ஒரு காணிக்குள் வாரிச் சேர்க்கும் வித்தை பிலிமுக்கு இல்லாதது, சென்சாருக்கு உள்ளது. அதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கினால் காட்டுகிறேன்.

இரண்டு நண்பர்கள் எம் 101-ஐப் படமெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல்வரிடம் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃப்/4 கருவி, குவியத்தூரம் 400 மில்லிமீட்டர். மற்றவரிடம் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃப்/8 கருவி, குவியத்தூரம் 1600 மில்லிமீட்டர். இருவரிடமும் ஒரே வகைக் கேமரா, பிக்சலின் பக்கம் 3.76 மைக்ரான். கேமராவின் திரையில் முதல் படம் வந்து விழுந்தவுடனே முதல்வரின் படம் பளிச்சென்றும் மற்றவரின் படம் மங்கியும் தோன்றும். ஏனெனில் ஒவ்வொரு பிக்சலிலும் முதல்வருக்கு 4 மடங்கு ஒளி கிடைத்திருக்கிறது. பழைய விதிப்படி முதல்வர் வென்றார்.

ஆனால் அவசரப்படாமல் மேலே செல்வோம். முதல்வரின் படத்தில் எம் 101-இன் குறுக்களவு சுமார் 900 பிக்சல், மற்றவர் படத்தில் சுமார் 3600 பிக்சல். மற்றவர், நீளத்தில் 4, அகலத்தில் 4, ஆக 16 பிக்சல்களைக் கூட்டி ஒன்றாக்கினால் அவருடைய மண்டலமும் 900 பிக்சல் அகலமாகிவிடும். இப்பொழுது அவருடைய ஒவ்வொரு கூட்டுப் பிக்சலிலும் இருக்கும் ஒளி எவ்வளவு? முன்னே இருந்தது கால் பங்கு. அதை 16-ஆல் பெருக்கினால் முதல்வருக்குக் கிடைத்ததைப் போல் 4 மடங்கு! ஒரே நேரம், ஒரே அளவு உருவம், ஒரே அளவு நுட்பம், ஆயினும் "மந்தமான" கருவி "வேகமான" கருவியைப் போல் 4 மடங்கு ஒளியைச் சேர்த்திருக்கிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. 200 மில்லிமீட்டர் ஆடியின் பரப்பு 100 மில்லிமீட்டர் லென்ஸின் பரப்பைப் போல் 4 மடங்கு, அவ்வளவுதான். ஏரி பெரிது. இதையே சுருக்கி, குவியவிகிதம் ஒளியைச் சேர்ப்பதில்லை, சேர்ந்த ஒளியைப் பங்கிடுகிறது என்று சொல்லுகிறேன்.

"அப்படியானால் குவியவிகிதத்துக்குப் பிரயோஜனமே இல்லையா?" என்று கேட்பீர்கள். நிச்சயமாக உண்டு. நம் நண்பர்களின் கேமராவிலுள்ள சென்சார் 23.5 மில்லிமீட்டர் நீளமும் 15.7 மில்லிமீட்டர் அகலமும் உடையது என்று கொண்டால், முதல்வரின் படத்துக்குள் அடங்கும் வானம் நீளத்தில் 3 டிகிரிக்கும் மேல். மற்றவருக்கோ 1 டிகிரிகூட இல்லை. எம் 101 அரை டிகிரி அளவினதாகையால் இருவர் படத்திலும் அடங்கிவிட்டது. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வடவானில் உயர்ந்து வரும் ஆண்ட்ரோமெடா மண்டலமோ 3 டிகிரி நீளமுடையது. மற்றவருடைய படத்தில் அதன் நடுப்பகுதி மட்டுமே தென்படும், முழு உருவம் வேண்டுமானால் அவர் பல படங்களை எடுத்து ஒட்டவேண்டும். முதல்வர் ஒரே படத்தில் முடித்துவிடுவார். பரந்த பொருளுக்குக் குறுகிய குவியத்தூரம் வேண்டும், குறுகிய குவியத்தூரத்தில் நிறைய ஒளியும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்ததே சிறிய எஃப் எண்ணின் உண்மையான மகிமை. தெற்கே தாழ்ந்து தோன்றும் கரீனா நெபுலாவும் இவ்வகையினதே. டில்லிக்காரருக்கு அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் அப்பொருள், நம் அட்சரேகையின் புண்ணியத்தால் நமக்கு 18 டிகிரி உயரத்தில் எழுந்து வருகிறது.

2023 மே 19 அன்று ஜப்பானிய அன்பர் கோயிச்சி இடகாக்கி இதே எம் 101-இன் கரம் ஒன்றில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். கத்திரி வெயில் தணிந்த நம்முடைய அவ்விரவுகளில், பத்து மணி அளவில், அது வடக்கே ஏறத்தாழ 48 டிகிரி உயரத்தில் நின்றது. அழிந்த அந்த நக்ஷத்திரம் ஒரு புள்ளி, அது இருந்த மண்டலமோ ஒரு பரப்பு. ஒரே படத்துக்குள் புள்ளிக்கும் பரப்புக்கும் வேறு வேறு நியாயங்கள் செல்லுபடியாவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. மண்டலத்தின் கரங்களிலுள்ள மங்கிய ஒளி, குவியத்தூரம் நீள நீளப் பல பிக்சல்களில் பரவி நீர்த்துப்போகும். சூப்பர்நோவாவின் ஒளியோ, வளிமண்டலத்தின் அலைவினால் உண்டாகும் 2 அல்லது 3 விகலை (ஆர்க்செகண்ட்) அளவுள்ள சிறு வட்டத்தை விட்டு வெளியே போகாது. அந்த வட்டத்துக்குள் எத்தனை எலெக்ட்ரான் சேர்ந்தது என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது விட்டமே. மாறொளி விண்மீன்களின் பிரகாசத்தை நாள்தோறும் அளந்து விஞ்ஞானிகளுக்கு உதவ விரும்பும் இளைஞர்கள், எஃப் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படாமல், தம்மால் இயன்ற பெரிய விட்டத்தைத் தேடிக்கொள்வதே நலம்.

பிக்சல்களைக் கூட்டும்பொழுது ஒரு சிறு நஷ்டம் உண்டென்பதை நான் மறைக்கலாகாது. சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலையும் படித்தெடுக்கும்போது, ஒளியே விழாவிட்டாலும், சில எலெக்ட்ரான் அளவுக்கு எண்ணிக்கை முன்னும் பின்னும் தடுமாறும். இதை வாசிப்பு இரைச்சல் என்பார்கள். தனித்தனி எக்ஸ்போஷர்கள் பலவற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டும், அதாவது ஸ்டாக் செய்யும், இக்காலத்து முறையில், ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் இந்த வரியைக் கட்டியாகவேண்டும். வரி தெரியாதபடி செய்ய வழி, ஒவ்வொரு எக்ஸ்போஷரையும் போதிய அளவு நீட்டுவது. வானத்தின் இயல்பான ஒளியால் ஒரு பிக்சலில் சேரும் எலெக்ட்ரான்கள், வாசிப்பு இரைச்சலின் வர்க்கத்தைப் போல் 10 மடங்கு ஆனால் போதும் என்பது அனுபவசாலிகள் கொள்ளும் ஓர் அளவு.

எஃப்/4 கருவியில் வானம் வினாடிக்கு 1 எலெக்ட்ரான் தருவதாகக் கொள்வோம், எஃப்/8-இல் அதே வானம் 4 வினாடிக்கு 1 எலெக்ட்ரான்தான் தரும். வாசிப்பு இரைச்சல் 9 எலெக்ட்ரான் உள்ள பழைய சி.சி.டி. கேமராவில், எஃப்/4-க்கு ஒவ்வோர் எக்ஸ்போஷரும் பதின்மூன்றரை நிமிஷமும், எஃப்/8-க்கு 54 நிமிஷமும் நீள வேண்டியிருக்கும். தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சுழற்றும் மவுண்ட் ஒரு மயிரிழை பிசகினாலும் மேகம் ஒன்று குறுக்கே வந்தாலும் ஒரு மணி நேர உழைப்பு பாழ். ஆகவே அக்காலத்திலும் எஃப் எண்ணுக்கு மதிப்பு இருந்தது. இன்றைய சி-மாஸ் சென்சாரில் வாசிப்பு இரைச்சல் ஒன்றரை எலெக்ட்ரான் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே கணக்கைப் போட்டால், எஃப்/4-க்கு 23 வினாடி, எஃப்/8-க்கு ஒன்றரை நிமிஷம். ஒன்றரை நிமிஷம் மவுண்டை ஒழுங்காக ஓட்டுவது இன்று சாதாரணமான காரியம். பெருவிகிதக் கருவிகளின் மேல் சுமத்தப்பட்டிருந்த பழியில் பெரும்பகுதி, வாதம் ஏதும் இன்றி, சென்சார் செய்பவர்களின் திறமையாலேயே துடைக்கப்பட்டுவிட்டது.

இனி, சிறு எண்ணை நாடுவோர் கொடுக்கவேண்டிய விலையைப் பார்ப்போம். கண்ணாடிக்கடையில் கொடுக்கும் விலையைச் சொல்லவில்லை, இரவில் கொடுக்கவேண்டிய விலையைச் சொல்லுகிறேன். ஒளி கூரிய கூம்பாக வந்து குவிந்தால், சென்சார் சிறிது முன்பின் இருந்தாலும் நக்ஷத்திரம் புள்ளியாகவே விழும். அகன்ற கூம்பாக வந்து குவிந்தால் அந்தச் சலுகை இல்லை. எஃப்/8-இல் சென்சாருக்கு ஏறத்தாழ 156 மைக்ரான் இடங்கொடுக்கும் குவியம், எஃப்/4-இல் 39 மைக்ரானும், எஃப்/2-இல் 10 மைக்ரானும்தான் இடங்கொடுக்கிறது. தலைமயிரின் தடிமனில் 10 மைக்ரான் என்பது மிகச் சிறு பகுதியே.

தை மாதத்து இரவொன்றில் ஒரு 200 மில்லிமீட்டர் எஃப்/4 தொலைநோக்கியின் பக்கத்தில் நின்று பாருங்கள். எட்டு மணிக்குக் குழாயின் வாயில் பாட்டினோவ் தட்டை மாட்டி, பிரகாசமான நக்ஷத்திரம் ஒன்றைத் திரையில் கொண்டுவந்தால், அதிலிருந்து மூன்று ஒளிக்கோடுகள் நீளும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவே வரும்படி திருகைத் திருப்பினால் குவியம் அமைந்தது என்று அர்த்தம். தட்டைக் கழற்றிவிட்டுப் படமெடுக்கத் தொடங்குகிறீர்கள். கடற்காற்று ஈரத்தோடு வீசுகிறது, இரவு ஏற ஏறக் குளிர் கூடுகிறது. அலுமினியக் குழாயின் 80 சென்டிமீட்டர் நீளம், வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ 18 மைக்ரான் சுருங்குகிறது. நள்ளிரவு கழிந்து 3 டிகிரி இறங்கியதும் மீண்டும் தட்டை மாட்டிப் பார்த்தால், நடுக்கோடு ஒருபுறமாக ஒதுங்கி நிற்கும். 54 மைக்ரான் சுருங்கியிருக்கிறது, இடமோ 39 மைக்ரான். எஃப்/8 கருவியாக இருந்திருந்தால் இதே சுருக்கம் படத்தில் தெரிந்தே இராது. இதனோடு, படத்தின் ஓரங்களில் நக்ஷத்திரங்கள் வால் முளைத்துக் காணும் கோமா என்னும் குறை, எஃப்/8-இலிருந்து எஃப்/4-க்கு வந்தால் 4 மடங்கு பெருகும். அதைத் திருத்த வேறொரு லென்ஸ் வேண்டும், கேமரா சிறிதும் சாயாமல் பொருந்தவும் வேண்டும். இளைஞர்களை அச்சுறுத்துவதற்காக இவற்றைக் கூறவில்லை. எஃப்/2 கருவியை முதல் கருவியாக வாங்கி, அதனோடு மல்லாடி மனமுடைந்து, வானத்தையே கைவிட்டவர்கள் உண்டு. அந்த நஷ்டம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குவியவிகிதத்தால் சிறிதும் மாற்றமுடியாத ஒன்று இருக்கிறது. இங்கிருந்து தென்கிழக்கே புதுச்சேரியின் விளக்குகள் இரவெல்லாம் வானத்தின் அடிப்பகுதியை வெளுக்கச் செய்துகொண்டிருப்பதை நீங்கள் தினந்தோறும் காண்கிறீர்கள். அந்த வெளுப்பும் ஒரு பரப்புதான், மண்டலத்தின் கரத்தைப் போலவே. எஃப்/8-இலிருந்து எஃப்/4-க்கு மாறினால் மண்டலத்தின் ஒளி பிக்சலுக்கு 4 மடங்காகிறது, வெளுப்பும் 4 மடங்காகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் இம்மியும் அசைவதில்லை. வானம் ஒரு படி, அதாவது வானநூலார் கணக்கில் ஒரு மாக்னிடியூட் இருண்டால், அதே தரமுள்ள படத்துக்கு வேண்டிய நேரம் இரண்டரை மடங்கு குறையும். இரண்டு படி இருண்டால் ஆறு மடங்குக்கு மேல் குறையும். செஞ்சியைத் தாண்டி மலைகளின் மறைவுக்குச் செல்வோர் பெறும் ஆதாயம், எந்த விலையுயர்ந்த லென்ஸும் கொடுக்கக்கூடியதைவிட அதிகமாக இருக்கலாம். போக வசதி இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். எம் 101 வடக்கே எழுவது, புதுச்சேரியின் வெளுப்போ தெற்கிலும் கிழக்கிலும். ஆகவே நம் ஊரில் இருந்துகொண்டே எடுக்கத்தக்க மங்கிய பொருள்களில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம். ஊராட்சியின் தெருவிளக்குகளுக்கு மேலே ஒரு தகர மூடி அமைந்து, ஒளி தரையை நோக்கி மட்டும் விழும்படி செய்யப்படுமானால், வீதியும் நன்கு தெரியும், வானமும் இருளும். இதை ஊர்ப் பெரியோர்களிடம் என் விண்ணப்பமாகவே வைக்கிறேன்.

எந்தக் கருவியை வாங்குவது என்று கூட்டம் தொடங்குமுன்பே மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். கடைக்காரரிடம் எஃப் எண்ணை முதலில் கேட்காதீர்கள். நான் படமெடுக்கப்போகும் பொருள் வானத்தில் எவ்வளவு அகலம் என்று முதலில் கேளுங்கள், அதற்கு ஏற்ற குவியத்தூரம் எது என்பது அதிலிருந்து விளங்கும். உங்கள் கேமராவின் பிக்சல், அந்தக் குவியத்தூரத்தில், வானத்தில் ஒன்று முதல் இரண்டு விகலை அளவை அடக்குமானால் நம் கடற்கரைச் சமவெளியின் காற்றுக்கு அது பொருந்தும். பிக்சலின் மைக்ரான் அளவை 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால் அந்த விகலை கிடைத்துவிடும். அந்தக் குவியத்தூரத்தில், உங்கள் பணமும் உங்கள் மவுண்ட் சுமக்கும் எடையும் அனுமதிக்கும் மட்டும் பெரிய விட்டத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எஃப் எண் தானாக வந்து அமையும். 150 மில்லிமீட்டர் விட்டமும் 750 மில்லிமீட்டர் குவியத்தூரமும் உடைய நியூட்டன் வகைத் தொலைநோக்கி, நான் முன்னே சொன்ன 3.76 மைக்ரான் பிக்சலோடு சேர்ந்தால், ஒரு பிக்சலுக்கு 1 விகலை அளவு தரும். நம் பக்கத்து மாணவர் ஒருவருக்கு முதற்கருவியாக அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் இல்லை.

என் சொல்லை நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சித்திரை அமாவாசையை ஒட்டிய இரவொன்றில், 100 மில்லிமீட்டர் எஃப்/4 கருவி ஒன்றையும் 200 மில்லிமீட்டர் எஃப்/8 கருவி ஒன்றையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஒரே வகைக் கேமராவைப் பொருத்தி, எம் 101-ஐ ஒரே 3 மணி நேரம் படமெடுங்கள். எஃப்/4-இல் அரை நிமிஷமும் எஃப்/8-இல் 2 நிமிஷமுமாக எக்ஸ்போஷர்கள் அமையட்டும். ஸ்டாக் செய்த பின்னர் இரண்டாவது படத்தில் நான்குக்கு நான்காகப் பிக்சல்களைக் கூட்டி, இரண்டு உருவங்களையும் ஒரே அளவாக்குங்கள். அதன்பின் மண்டலத்தின் வெளிக்கரத்தில் நக்ஷத்திரம் இல்லாத ஒரு சிறு சதுரத்தையும், அதற்கு வெளியே வெறும் வானத்தில் அதே அளவு சதுரத்தையும் தெரிந்தெடுத்து, முதலாவதன் சராசரியிலிருந்து இரண்டாவதன் சராசரியைக் கழியுங்கள். கழித்து வந்ததை வானத்துச் சதுரத்தின் தடுமாற்றத்தால் வகுங்கள். நான் சொன்னது மெய்யானால் எஃப்/8 கருவியின் படத்தில் அவ்வெண் ஏறத்தாழ இருமடங்காக இருக்கவேண்டும், நான்கு மடங்கு ஒளிக்கு இருமடங்கு தெளிவு என்பதே இதில் கணக்கு. முடிவு எதுவாயினும் அதை எனக்கு எழுதியனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.